நெவிலின் கோட்டு

குளிர்காலத்தில் கணுக்காலை மூடுவது பாவம் என்று எங்கள் கோபர்க்கில் ஒரு கூட்டம் நம்பிக்கொண்டிருக்கிறது. ஹிப்ஸ்டர் என்று ஊர் சொல்லும். அவர்கள் மட்டும் சொல்ல மாட்டார்கள். டேமியன் ஹார்க்னஸ் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் வயதானவன். நாற்பத்தொன்று. மீசையின் இரண்டு முனையும் மேல்நோக்கி முறுக்கியிருக்கும். பூமியின் இந்தத் தென்கோடியில் ஜூலைதான் நடுக்குளிர்; அந்த மாதத் தென்காற்று வந்து கணுக்காலைக் கடித்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது மீசைக்குக் கீழே தெரியாது.

இந்த உடுப்புக்குச் சட்டம் உண்டு. கம்பளித் தொப்பி உச்சந்தலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், காதைத் தொடக் கூடாது. கோட்டு போடலாம், பட்டன் போடக் கூடாது. எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. புதிதாக வாங்கினால் பழையதுபோல் ஆகும் வரை வெளியில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. உழைக்கிறவன் உடுப்பாக இருந்தால் ரொம்ப விசேஷம். மரம் வெட்டுகிறவன் சட்டை, மீன் பிடிக்கிறவன் பூட்ஸ், ரயிலுக்குக் கரி அள்ளினவன் தொப்பி. அதையெல்லாம் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும்.

டேமியனும் அப்படித்தான் உட்கார்ந்தான். ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் பீர் டின்னுக்கும் லேபிள் வரைவது அவன் வேலை. வீட்டிலேயே வேலை. அந்த வீட்டில் வெளியைவிட உள்ளே குளிர் அதிகம். மீசை மெழுகு டப்பாவுக்குள் கல்லாய் இறுகிக் கிடக்கும். தினமும் ரொட்டி வாட்டும் மெஷின் மேல் வைத்து இளக்குவான். உடுத்தி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். பிறகு மூன்று நிமிஷம் நடந்து முக்குக் காப்பிக்கடைக்குப் போவான். உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். இவன் வெளியே பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவான், உள்ளே உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாதே!

"ஓட்ஸ் பால்தானே?" என்பாள் காப்பி போடுகிறவள்.

"ஆமா."

அன்றைக்கு அவன் ஒரு மனிதரோடு பேசிய பேச்சு அவ்வளவுதான். சில நாள் அவள் கேட்காமலே போட்டுக் கொடுத்துவிடுவாள். அந்த நாட்களில் அதுவும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாரியட் என்று ஒருத்தி அவனோடு இருந்தாள். வடமேற்கே கோதுமைக் காட்டிலிருந்து வந்தவனுக்கு இப்படியெல்லாம் உடுத்தக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். தொப்பியை இரண்டு விரலால் மேலே தூக்கிவிட்டு, "இப்ப சரி" என்பாள். போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போனாள். "உன்கூட இருந்தா தனியா இருக்கற மாதிரி இருக்கு" என்று காரணம் சொன்னாள். டேமியனுக்கு அது அப்போது விளங்கவில்லை. அவள் போன பிறகும் தொப்பியை மட்டும் அவள் தூக்கிவிட்ட அளவிலேயே வைத்துக்கொண்டான். யாராவது பார்த்து "இப்ப சரி" என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது அவனுக்கு. அதுதான் உண்மை. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டான்.

அவள் போய் மூன்று வருஷம் கழித்து, ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, சிட்னி ரோட்டில் சர்ச் நடத்தும் பழந்துணிக் கடையில் அந்தக் கோட்டு அகப்பட்டது. நீலநிறம். உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாய்த் தைத்தது. ஐஸ்கிடங்குகளில் ஃப்ரீசருக்குள் வேலை செய்கிறவர்கள் போடுவது. முதுகில் இருந்த கம்பெனிப் பெயர் வெளுத்து உதிர்ந்துபோயிருந்தது. இடது மார்பில் மட்டும் சிவப்பு நூலில் 'நெவில்' என்று தைத்திருந்தது. டேமியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொருத்தன் பெயர் போட்ட உழைப்பாளி உடுப்பு! இந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. கண்ணாடி முன்னால் நின்று இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான். பதினாலு டாலர். கல்லாவில் இருந்த அம்மாள் மீதியைக் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னாள். இவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வெளியே வந்தான்.

அந்தச் சனிக்கிழமை மெர்ரி ஓடைக்கரை மைதானத்து ஓரமாக நடந்து போனான். ஓடைக்கரை அணிக்கு அன்றைக்கு ஃபுட்டி ஆட்டம், அதாவது இந்த நாட்டுக் கால்பந்து. கார்களை எல்லைக்கோட்டைப் பார்த்து நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டு கோல் விழும்போது ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கான்டீன் வாசலில் சாசேஜ் சுடும் புகை. புகைக்குப் பின்னால் கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றாள். லொரைன் பாஸ்கோ என்று பெயர். அவள் இவனை ஏற இறங்கப் பார்த்தாள். மார்பில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"வெங்காயம் போடட்டுமா, நெவ்?"

டேமியன் வாயைத் திறந்தான். நான் நெவ் இல்லை என்று சொல்லத்தான் திறந்தான். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அது யார் பெயராக இருந்தால் என்ன?

"போடுங்க," என்றான்.

"அப்படியே அந்த இடுக்கிய எடுத்துக் கொஞ்சம் பொரட்டிவிடு கண்ணு. சும்மாதான நிக்கற. எனக்கு ரொட்டி வெண்ணெ தடவணும்."

அன்று சாயங்காலம் வரை அவன் சாசேஜ் புரட்டினான்.

பக்கத்தில் வேலியில் சாய்ந்து நின்றவர் தாசோஸ். எழுபத்தொரு வயது. ஃபுட்ஸ்கிரே பக்கம் உறைமீன் கிடங்கில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். கோட்டைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"டேய், ஃப்ரீசர் ஆளா நீ? எத்தன டிகிரில நிக்கற?"

"மைனஸ்... இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சா? அது பூந்தோட்டம்டா! நாங்க முப்பதுல நின்னோம்." கீழே குனிந்து பார்த்தார். "அது சரி, காலுக்கு என்ன கேடு? ஓடையில எறங்கி வந்தியா?"

டேமியனுக்கு வேர்த்தது. "வேலைல நாள் பூரா மூடியே இருக்கா... வெளிய வந்தா காத்தாட விடறது."

தாசோஸ் யோசித்தார். பிறகு தலையாட்டினார். "அதுவும் சரிதான். எங்க கூட ஒருத்தன் வீட்டுக்குப் போனதும் தோட்டத்துல வெறும் பனியனோட உக்காருவான். ஃப்ரீசர்ல நின்னா எல்லாருக்கும் ஒரு பைத்தியம் புடிச்சிக்கும்."

பொய் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவன் தவறவில்லை. வாரம் முழுக்க நெவிலுக்காக வீட்டுப்பாடம் படித்தான். குளிர்கிடங்கில் ஐஸ்கட்டி எங்கே படியும், கதவு உறைந்துபோனால் என்ன செய்வார்கள், இடைவேளை எத்தனை நிமிஷம் என்றெல்லாம் போனில் தேடிப் படித்துவிட்டு, சனிக்கிழமை வந்து சொந்த அனுபவம்போல அளந்துவிட்டான். ஃபோர்க்லிஃப்ட் உறைந்து நின்ற கதையை மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை ஃபோர்க்லிஃப்ட்டுக்கு அடியில் ஒரு பூனையும் சேர்ந்துகொண்டது.

"ஃப்ரீசருக்குள்ள பூன எப்படிடா வந்துச்சு?" என்றார் தாசோஸ்.

"அதான் எங்களுக்கும் தெரியல."

"ஊமக்குசும்பு உனக்கு." முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கோட்டின் பஞ்சு அடியை வாங்கிக்கொண்டது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும்வரை டேமியனுக்கு அந்த அடி விழுந்த இடம் தெரிந்துகொண்டே இருந்தது. யாரும் அவனைத் தொட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

உண்மையைச் சொன்னால் இதெல்லாம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். லேபிள் வரைகிற டேமியனுக்கு இந்த வேலியில் என்ன இடம்? சிட்னி ரோட்டில் அவனைப்போல ஆயிரம் பேர் கணுக்காலைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். தாசோஸ் அவர்களைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. "கரி அள்ளறவன் தொப்பி போட்டுக்கிட்டு கம்ப்யூட்டர் தட்றானுங்க. வெக்கங்கெட்டவனுங்க!" அதைச் சொன்னபோது டேமியனும் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான்.

எட்டாவது சனிக்கிழமை மழை. அரை ஆட்டத்தில் எல்லாரும் கார்களுக்குள் போய்விட்டார்கள். வேலியில் இவர்கள் இரண்டு பேர்தான் நின்றிருந்தார்கள். தாசோஸ் வலது கைக் கையுறையைக் கழற்றினார்.

"இந்த மூணு விரல் செத்துப்போச்சு. கையொறை கிழிஞ்சிருந்துச்சு, ஷிஃப்ட்ட விட்டுட்டு வர முடியல. தொண்ணூத்திநாலுல." விரல்களை மடக்கிக் காட்டினார். "வேல செய்யும். ஆனா சூடு, குளிரு, எவனாவது தொட்டாலும் ஒண்ணும் தெரியாது."

டேமியன் அந்த விரல்களைப் பார்த்தான்.

"என் பொண்டாட்டி எலேனி ஆஸ்பத்திரில போனப்ப, கட்டிலுக்கு அந்தப் பக்கம் பூரா ட்யூப்பு. எனக்கு இந்தக் கைதான் எட்டுச்சு. புடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். அவ கை சூடா இருக்கா, ஜில்லுன்னு போயிடுச்சான்னு எனக்குத் தெரியலடா. நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. எவ்வளவு நேரமா அப்படி உக்காந்திருந்தேன்னு இன்னிக்கும் தெரியாது."

மழை வேலிக் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் மகன்கிட்டகூட இத சொன்னதில்ல. அவன் ஆபீஸ்காரன். ஃப்ரீசர்ல நின்னவனுக்குத்தான் இது புரியும். உனக்குப் புரியுதுல்ல?"

"புரியுது," என்றான் டேமியன்.

மற்றப் பொய்கள் எல்லாம் விளையாட்டு. ஃபோர்க்லிஃப்ட்டும் பூனையும் யாருக்கும் கெடுதல் இல்லை. இது அப்படி இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அதற்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பதினோராவது சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். காலை பத்து மணிக்கே டேமியன் வந்துவிட்டான். கான்டீன் வாசலில் ஒரே கூச்சல். பின்பக்கத்துக் குளிர் அறை நின்றுபோய்விட்டது. உள்ளே அறுபது கிலோ சாசேஜ். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டான்.

"மெக்கானிக் எதுக்கு? நம்ம நெவ் இருக்கான்ல!" தாசோஸ் அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "வழி விடுங்கப்பா, ஃப்ரீசர் ஆளு வந்துட்டான்!"

எல்லாரும் வழிவிட்டார்கள். டேமியன் உள்ளே போனான். மேலே ஒரு பெட்டி, அதில் ஒரு விசிறி, நாலு குழாய். எதற்கு எது என்று தெரியவில்லை. பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான். மற்றப் பக்கமும் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். அவனுக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வரும்போலிருந்தது. லொரைன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"லொரைன், நான் ஒண்ணு சொல்லணும். நான் நெவில் இல்ல. எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது."

"தெரியும்."

"இல்ல, நிஜமாவே நான்..."

"நிஜமாவே தெரியும்கறேன். அந்தக் கோட்ட உனக்கு வித்ததே நான்தான்."

டேமியன் அவள் முகத்தைப் பார்த்தான். பதினோரு வாரமாகப் பார்த்த முகம். கடையில் பார்த்ததாக நினைவே இல்லை.

"புதன்கிழம புதன்கிழம கல்லாவுல நான்தான் உக்காருவேன். நீ அந்தக் கடைக்கு நாலு வருஷமா வர்ற. கோட்ட வாங்கிட்டுப் போறப்ப, 'வெளிய குளிருது கண்ணு, பட்டன போட்டுக்கோ'ன்னு சொன்னேன். தலைய ஆட்டின. கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டிருந்த, என்னப் பாக்கல."

அவனுக்குக் காது சூடாகியது. யாருமே தன்னைப் பார்ப்பதில்லை என்று மூன்று வருஷமாய் மருகிக்கொண்டிருந்தவன் அவன்.

"அப்புறம் ஏன் நெவ்வுன்னு கூப்பிட்டீங்க?"

"இன்னொருத்தன் பேர நெஞ்சுல குத்திக்கிட்டு வர்றவன்கிட்ட, உன் நெஜப்பேர் என்னன்னு கேக்கறது நல்லாயில்ல பாரு. உனக்கு என்ன கஷ்டமோ." அவள் குனிந்து அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். டீ பாய்லரின் வயரைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் சொருகினாள். மேலே விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. "காலைல டீ போட எவனோ புடுங்கிட்டான். இதுக்குப் போய் மெக்கானிக்காம்."

கதவைத் திறக்கும் முன்னால் அவள் நின்றாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் கிளப் தலைவர் மைக்குல எல்லார் பேரையும் வாசிப்பாரு. வேல செஞ்சவங்க பட்டியல் என்கிட்டத்தான் இருக்கு. உன் எடத்துல 'நெவில்'னு மட்டும் எழுதி வெச்சிருக்கேன். என்ன எழுதணும்னு நீ சொல்லு. ஆனா தாசோஸ்கிட்ட நீயே மொதல்ல சொல்லிடு. அவருக்கு எதுவும் தெரியாது."

வெளியே வந்ததும் கைதட்டினார்கள். "பாத்தீங்களா! ரெண்டு தட்டுத் தட்டினான், ஓடிடுச்சு!" என்று தாசோஸ் ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

டேமியன் சொல்லத்தான் நினைத்தான். முதல் இடைவேளையில், பயிற்சியாளர் திட்டுவதைக் கேட்க எல்லாரும் மைதானத்துக்குள் இறங்கி நடந்தபோது, தாசோஸின் பக்கத்திலேயே நடந்தான். அவர் இரண்டு பேரை நிறுத்தி இவனைக் காட்டி, "இந்தக் காலத்துல கையால வேல செய்யத் தெரிஞ்சவன் எங்க இருக்கான், சொல்லு" என்றார். அரை ஆட்டத்தில் அவர் இவனுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது இடைவேளையில் டேமியனின் தைரியம் முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. ஒரு பேப்பர் நாப்கினில் தன் முழுப் பெயரை எழுதி லொரைன் கையில் கொடுத்தான். அவள் அதைப் படித்தாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்," என்றான். எதற்காக அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

ஓடைக்கரை இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. வழக்கம்தான். தலைவர் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடித்தார்கள். தாசோஸின் பெயருக்கு ஹாரன் நிற்கவே இல்லை.

"டேமியன் ஹார்க்னஸ்."

யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஆளுக்காள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருப்பா அது?" என்றார் தாசோஸ்.

டேமியன் கையில் இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தான். மெதுவாகக் கையைத் தூக்கினான். தாசோஸ் அவன் கையைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நான்தான். இந்தக் கோட்டு பழந்துணிக் கடைல வாங்கினது. நான் லேபிள் வரையறேன். பாட்டிலுக்கு."

"ஃப்ரீசர்ல?"

"நின்னதில்ல."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட இல்ல."

தாசோஸ் திட்டுவார் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தம் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார், யாரோ பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

"அத மைக்குல கேட்டுத்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?" என்றார், மெதுவாக. "புரியுதுன்னு சொன்னியே."

கார்களுக்கு நடுவே புகுந்து போனார். லொரைன் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்ன" என்றாள். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் இருந்தார்கள். "நன்றி டேமியன்" என்று ஒருத்தர் கையைக்கூடக் குலுக்கினார். நெவிலை யாரும் அப்படி மரியாதையாக நடத்தியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மார்பில் இருந்த சிவப்பு நூலை ஒவ்வொரு தையலாகப் பிரித்தான். முழுவதும் பிரித்துவிட்டுப் பார்த்தால், நூலுக்கு அடியில் துணி வெளுக்காமல் இருந்திருக்கிறது. 'நெவில்' என்று கருநீலத்தில் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. உழைப்பாளி உடுப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று தன்னைத்தானே நொந்துகொண்டான்.

அதற்கடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போனான். மீசையை முறுக்கவில்லை. அதற்கெல்லாம் காரணம் ஒன்றும் இல்லை, மெழுகை இளக்கப் பொறுமை இல்லை. கான்டீன் பூட்டியிருந்தது. கார் ஒன்றும் இல்லை. கோல் கம்பங்களை யாரோ கழற்றிப் படுக்கப் போட்டிருந்தார்கள். வழக்கமான இடத்தில் வேலியில் சாய்ந்து தாசோஸ் நின்றார். சனிக்கிழமைக்கு அவருக்கும் வேறு இடம் இல்லை என்று டேமியனுக்கு அப்போதுதான் தோன்றியது. பத்தடி தள்ளி அவனும் நின்றான். புல்வெளியில் நடக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"பிரிச்சிட்டியா?" தாசோஸ் திரும்பாமலே கேட்டார்.

"பிரிச்சேன்."

"இப்பதான் நல்லாத் தெரியுது. முட்டாள்."

காற்று அடித்தது. டேமியன் இரண்டு அடி நெருங்கி வந்தான்.

"தாசோஸ், அன்னிக்கு நீங்க எலேனியப் பத்திச் சொன்னப்ப, புரியுதுன்னு சொன்னேன்ல. எனக்குப் புரியல. எதுவுமே புரியல. எனக்கு அப்படி யாரும் இருந்ததில்ல. இருந்தவ கையையும் நான் சரியாப் புடிச்சதில்ல. நீங்க பேசறத நிறுத்திடக் கூடாதுன்னுதான் சொன்னேன். எனக்குச் சனிக்கிழமைய விட்டா யாரும் இல்ல."

ஓடைப் பக்கமிருந்து ஒருத்தி நாயோடு வந்து, இவர்களைத் தாண்டி, மறுபக்கம் போய் மறைந்தாள். பிறகு தாசோஸ் வலது கைக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். கையை வேலிக் கம்பியின் மேல் வைத்தார்.

"புரியலன்னா புரியலன்னு சொல்லணும்," என்றார். "இங்க வா. புடிச்சுப் பாரு. அந்த மூணு விரல."

டேமியன் பக்கத்தில் போனான். மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்தான். கம்பியைவிட ஜில்லென்று இருந்தன. தோல் தடித்து, நகங்கள் கோணலாய் வளர்ந்திருந்தன. அவன் முதலில் லேசாகத்தான் பிடித்தான். பிறகு இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கினான்.

தாசோஸ் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"புடிச்சிட்டியா?"